கழற்றப்பட்ட சிவப்பு விளக்கு

நாமகிரிப்பேட்டை விவசாயக் குடும்பத்துப் பெண் தனப்பிரியாவுக்கு எளிதில் கோபம் வராது. வாழப்பாடிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் எஞ்சின் ஆய்வகம் அவர் பொறுப்பில் இருந்தது. விமானப்படை ஓய்வுகொடுத்த பழைய ஜெட் பயிற்சி விமானம் ஒன்று மைதானத்தில் நின்றது. அது பறக்காது, எஞ்சின் மட்டும் ஓடும்.

அந்தக் காலத்து எஞ்சினுக்குக் கணினிக் காவல் கிடையாது. திராட்டில் என்கிற வேகக் கைப்பிடியை வேகமாகத் தள்ளினால் எரிபொருள் அளவு மீறிப் பாயும், வெப்பம் எகிறும். ஓட்டுகிறவர் கைதான் அதற்கு அளவு. உள்ளே தீப்பற்றினால் அதைச் சொல்ல இருந்தது ஒரு சிவப்பு விளக்கு.

ஆண்டுவிழாவில் அந்த எஞ்சினை ஓட்டிக்காட்ட ஏற்பாடாகியிருந்தது. அன்று காலை, அந்த விளக்கின் சோதனைப் பொத்தானை அழுத்தினார் தனப்பிரியா. எரியவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தார். உள்ளே பல்பே இல்லை.

"ஆண்டியண்ணா, பல்பு எங்கீங்க?"

ஆய்வக உதவியாளர் ஆண்டி தயங்கினார். "தாளாளர்தானுங்க கழட்டச் சொன்னாரு. நீங்க லீவுல இருந்தப்ப ஒத்திகை பார்த்தாங்க. அப்ப அந்த லைட்டு எரிஞ்சுதுங்க."

தனப்பிரியா விரைந்து போய் எஞ்சின் மூடியைத் திறந்தார். எரிபொருள் குழாயின் இணைப்பு கசிந்திருந்தது. பக்கத்து வயரெல்லாம் கருகிக் கிடந்தது.

தாளாளர் குமரகுருவைக் கூட்டிவந்து காட்டினார்.

"ஒரு நிமிசம் ஓட்டுனாப் போதும்மா. லைட்டு எரிஞ்சா வந்தவங்க பயப்படறாங்க."

"பயப்படத்தானுங்க சார் அதை வெச்சிருக்கு!"

"உங்களால முடியாதுன்னா நம்ம வாத்தியாரு நவநீதகிருஷ்ணன் ஓட்டட்டும். பக்கத்து சீட்டுல அந்தக் கனிஷ்காப் புள்ளைய உக்கார வைங்க. போட்டோவுக்கு நல்லாருக்கும்."

கனிஷ்கா இறுதியாண்டு மாணவி. அவள் பெயரைக் கேட்டதும் தனப்பிரியா பேச்சை விட்டுவிட்டார். பேட்டரி கேபிளைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராக மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

"இந்த எஞ்சின் இன்னைக்கு ஓடாதுங்க. எரிபொருள் கசியுது. தீப்பிடிச்சாச் சொல்ற லைட்டையும் கழட்டி வெச்சிருக்காங்க."

பந்தலில் சலசலப்பு எழுந்தது. கனிஷ்காவின் அப்பா தனபால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ஏனுங்க, எம்பட புள்ளையவா அதுல உக்கார வெக்கப் பார்த்தீங்க?"

பெற்றோர்கள் விமானத்தைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருவரையும் அதில் ஏறவிடவில்லை.

மறுநாள் நிர்வாகத்தினர் தனப்பிரியாவை அழைத்து, கல்லூரியின் மானத்தை வாங்கியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். குழாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கழற்றச் சொன்னவரிடம் ஒரு கேள்வி இல்லை.

"எதுக்குங்க மன்னிப்பு? அந்தப் புள்ள கருகாம ஊடு போய்ச் சேர்ந்ததுக்குங்களா?" என்று கேட்டுவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டார்.

இப்போது திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர்களைப் பரிசோதிக்கும் வேலை. கல்லூரியில் அந்த விமானத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்து, சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்களாம். எஞ்சினை யாரும் தொடுவதில்லை என்று ஆண்டி போனில் சொன்னார்.

தனப்பிரியாவுக்கு ஆறவில்லை. "பெயின்ட் அடிக்கத் தெரிஞ்சுதில்லீங்க, குழாயை மாத்தத் தெரியலைங்களா?" என்றார்.