வேலிப் பக்கம் திரும்பிய குழாய்

நேற்றுக் காலை பரமத்தி வேலூர் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலருகே வந்து சொன்னார்: "ரேடியோக்கார வையாபுரி போயிட்டாருங்க. மக ஊட்டுலதான். முந்தாநாளே எடுத்துட்டாங்க." இனிப் போய் யாரைப் பார்ப்பது? பேனாவை மறுபடி எடுத்தேன், எழுத வரவில்லை. இப்போதெல்லாம் எனக்குச் செய்திகள் இப்படித்தான் வருகின்றன, எல்லாம் முடிந்த பிறகு.

நம் பூங்காவில் மாலைதோறும் கச்சேரி கேட்டவர்களுக்கு அவரைத் தெரியும். யுத்த காலத்தில் ஊருக்கு ரேடியோ வந்தபோது, கூண்டைத் திறந்து பெட்டியைப் போடும் வேலை அவருக்கு. கம்பத்தின் மேல் ஒரே ஒரு ஒலிபெருக்கிக் குழாய். ராகம் தாளம் எதுவும் அவருக்குத் தெரியாது. "எனக்கென்னங்க தெரியும்? அவங்க மெனக்கெட்டுப் பாடறாங்க. வந்தவங்களுக்குக் கேக்கோணும், அவ்வளவுதான்" என்பார்.

பெட்டியைப் போட்டதும் அதன் பக்கத்தில் உட்கார மாட்டார். கூட்டத்தின் கடைசிவரை நடந்துபோய், "இங்க கேக்குதுங்களா?" என்று விசாரித்துவிட்டு வந்து சத்தத்தைக் கூட்டுவார். ஒருநாள் அந்த நடை கம்பிவேலியையும் தாண்டிவிட்டது. வெளியே தெருக்கூட்டும் பெண்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். உள்ளே வராதே என்று பலகை ஏதும் இல்லை. ஆனாலும் அவர்கள் வந்ததில்லை. ஏன் என்று நாமும் கேட்டதில்லை. "கேக்குதா சாமி?" என்றார் வையாபுரி. மாரி என்ற பெண், "சத்தம் வருதுங்க. பாட்டு வரலீங்க" என்றாள்.

மறுநாள் குழாய் வேலிப் பக்கம் திரும்பியிருந்தது. கம்பம் நாற்காலிகளுக்கு அருகில்தான், உள்ளேயும் கேட்கத்தான் செய்தது. ஆனால் குழாயின் முதுகைப் பார்த்துக்கொண்டு கச்சேரி கேட்பதா என்று அடுத்த நாள் காலையிலேயே பெரிய மனிதர்கள் புகார் கொண்டுவந்தார்கள். பழையபடி திருப்பச் சொல்லி உத்தரவு எழுதும்படி குமாஸ்தாவான என்னிடம் சொன்னார்கள். எழுதினேன். வையாபுரி அதைப் படித்துவிட்டு, "உங்க கையெழுத்து நல்லா இருக்குதுங்க" என்றார். கேலியா, நிஜமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

உத்தரவுப்படி திருப்பினார். அன்று கச்சேரி முடியும்வரை வேலிக்கு வெளியே மாரியின் பக்கத்தில் நின்றிருந்தார். அடுத்த நாள் குழாய் மறுபடி வெளியே பார்த்தது. அதோடு வேலை போயிற்று. அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மூன்று பிள்ளைகள், பயந்துவிட்டேன். கூண்டுச் சாவியை என் மேஜையில் வைத்தபோது, "வருத்தப்படாதீங்க. நீங்க எழுதலைன்னா வேறொருத்தர் எழுதுவாங்க" என்றார். என்னை ஆற்றத்தான் சொன்னார். இத்தனை வருஷமாகியும் ஆறவில்லை, வெட்கமாக இருக்கிறது.

நேற்று மாலை பூங்காவுக்குப் போனேன். ரேடியோவில் யாரோ கல்யாணி பாடிக்கொண்டிருந்தார்கள். குழாய் நாற்காலிகளைப் பார்த்தபடி இருந்தது. நான் உட்காரவில்லை, கால் வலியோடு வேலிக்கு வெளியே நடந்தேன். மாரி இன்னும் அங்கேதான் நிற்கிறாள், தலை நரைத்துவிட்டது. வையாபுரி போன செய்தியைச் சொன்னேன். அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அவருடைய கேள்வி ஒன்றுதான். அதை முதல்முறையாகக் கேட்டேன்.

"இங்க கேக்குதா?"

"இல்லீங்க" என்றாள். "அவரு இருந்தப்ப ரெண்டு நாள் கேட்டுச்சுங்க."