எழுதி ஒட்டாத நோட்டீஸ்

துபாய் சத்வாவில் நாங்கள் இருந்த வில்லா காகிதத்தில் என் பெயரில் இருந்தது. வில்லா என்றதும் மாடிப்படி, நீச்சல் குளம் என்று யாரும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நடுவில் ஒரு முற்றம், சுற்றி ஐந்து அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், எல்லோருக்கும் ஒரே சமையலறை. யாராவது ஒருவனிடம் உருப்படியான சம்பளச் சான்றிதழ் இருந்தால் அவன் பெயரில் ஒப்பந்தம் எழுதி மற்றவர்கள் கூட ஒட்டிக்கொள்வது அந்தத் தெரு வழக்கம். எங்கள் வில்லாவில் அந்த ஒருவன் நான். ஏசி டக்ட் போடும் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். குழாயில் தண்ணீர் வராவிட்டால் என்னிடம் வருவார்கள், அடுப்பு யாருக்கு முதலில் என்று தகராறு வந்தாலும் என்னிடம்தான். கான்ட்ராக்ட்காரர் என்றே கூப்பிட்டார்கள். எனக்கு அதில் தலைக்கனம் இருந்தது. இல்லை என்று இப்போது சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அந்தச் சந்துக்குள் வந்துவிட்டால் தமிழ் போதும். முனையில் குரோசரி வைத்திருந்த மலையாளி எங்களோடு பேசிப் பேசியே பாதித் தமிழன் ஆகியிருந்தான். வியாழன் சாயங்காலம் அவன் கடையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வந்திறங்கும். பெண்கள் கூட்டம் அள்ளும். அடுத்து ஒரு மெஸ், ஒரு தையல் கடை, வீட்டிலிருந்தே இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கும் சிதம்பரத்து அம்மா. பக்கத்து வில்லாக்களிலும் நம் ஆட்கள்தான். எங்கள் சமையலறையில் யாருடைய குக்கராவது மூன்று விசில் அடித்தால் அடுத்த காம்பவுண்டிலிருந்து ஒரு குரல், "அக்கா, சாம்பாரா?" என்று கேட்கும்.

என் மனைவி திண்டுக்கல்காரி, பி.எட். முடித்தவள். அங்கே வேலைக்குப் போக அவளுக்கு வழி அமையவில்லை. சும்மா இருக்கும் ஜாதி இல்லை அவள். வெள்ளிக்கிழமை காலையில் முற்றத்தில் பாயை விரித்துத் தெருப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பதினோரு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், விளையாட்டில் இங்கிலீஷ், சண்டையிலும் இங்கிலீஷ். ஏழு வயதான எங்கள் மகள், "அம்மா, திஸ் லெட்டர் ஈஸ் டூ மச்" என்று பென்சிலைத் தூக்கிப் போடுவாள். வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். எனக்கு அது அப்போது கண்ணில் படவில்லை. வெள்ளிக்கிழமை தூக்கத்தைக் கெடுக்கிற சத்தமாகத்தான் பட்டது.

2008 தொடக்கத்தில் ஒரு நாள் டூட்டி முடிந்து வருகிறேன், கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பச்சை ஸ்பிரே பெயிண்டில் ஒரு எண். பக்கத்துச் சுவரில் இன்னொரு எண். தெரு நெடுக இதே கதை. மொத்த ஏரியாவையும் இடித்துவிட்டு டவர் கட்டப்போகிறார்கள் என்று மெஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். ஓனர் சார்பில் வாடகை வாங்க வரும் பாகிஸ்தான் பட்டாணியிடம் கேட்டேன். "மாலூம் நஹி பாய்" என்றான். எனக்குத் தெரியாது, காலி பண்ணச் சொல்லிக் காகிதம் வரும், வந்தால் கதவில் ஒட்டுவேன் என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அதற்கு மேல் எல்லாம் என் மண்டையில் உதித்தது.

நம் ஆட்களுக்கு எது வந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது பிள்ளைகளின் படிப்பு. அங்கே பள்ளிக்கூட வருஷம் மார்ச்சில் முடியும். ஊரில் ஜூனில் தொடங்கும். மார்ச்சில் டி.சி. வாங்கி, அதற்கு வேண்டிய முத்திரையெல்லாம் குத்தி, ஏப்ரலில் ஊரில் போய் நின்றால்தான் நல்ல பள்ளியில் சீட்டு. ஆகஸ்டில் திடீரென்று காலி பண்ணச் சொன்னால் பிள்ளைகளுக்கு இங்கேயும் இடம் இல்லை, அங்கேயும் இடம் இல்லை. சத்வாவில் கொடுத்த வாடகைக்கு வேறு எங்கேயும் குடும்பத்தோடு இருக்க முடியாது. அந்த வருஷம் துபாயில் வாடகை யார் கைக்கும் எட்டவில்லை. இதையெல்லாம் கோத்துப் பார்த்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐந்து வீட்டு ஆண்களையும் முற்றத்தில் உட்காரவைத்துப் பேசினேன். டிராயிங்கை விரித்து இன்ஜினியருக்கு விளக்குவதைப் போல விளக்கினேன். குடும்பங்களை மார்ச்சிலேயே ஊருக்கு அனுப்பிவிடுவோம், நாம் கம்பெனி ரூமுக்குப் போய்விடுவோம் என்றேன்.

எதிர் அறைத் திருநெல்வேலிக்காரர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் எல்லோரையும் விட மூத்தவர்; அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்:

"கதவுல ஒட்டிட்டானா தம்பி?"

"இன்னும் இல்லண்ணாச்சி. ஒட்டத்தான் போறான்."

"எழுதி ஒட்டட்டும்லா. பொறவு பாப்போம். எண்ணு போட்டவன் எல்லாம் இடிச்சிருவானா?"

"ஒட்டுன பிறகு போனா எந்த ஸ்கூல்ல அண்ணாச்சி சீட்டு குடுப்பான்? உங்க மூத்தவன் பத்தாவதுக்குப் போறான். அவன் வாழ்க்கை என்ன ஆகுறது?"

அந்த ஒரு கேள்வியில் மனிதர் அடங்கிப்போனார். பிள்ளையின் வாழ்க்கை என்றால் நம் ஆட்களில் யாரும் அடங்கிப்போவார்கள். அது தெரிந்துதான் கேட்டேன். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே அட்டைப்பெட்டி வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

என் வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. மனைவி கேட்டது அண்ணாச்சி கேட்ட அதே கேள்விதான்.

"பேப்பர் வந்துருச்சாங்க?"

"வரும்."

"வந்த பெறகு போறோம். அதுக்குள்ள எதுக்குப் பறக்குறீங்க?"

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு என் பொண்டாட்டிய மட்டும் வச்சுக்கிட்டிருந்தா நாலு பேரு காறித் துப்ப மாட்டானா?"

"யாரு துப்புனா என்ன? ஒரு வருஷம் பாப்பா படிப்பு போனாக்கூடப் போகட்டும். இவ ஒண்ணும் கலெக்டருக்கா படிக்கிறா? ரெண்டாங்கிளாஸ்தான? சேந்து இருக்கணும்னு தோணுதுங்க எனக்கு."

இதைவிட வெளிப்படையாக ஒருத்தி என்ன சொல்ல முடியும்? நான் கத்தினேன். பொறுப்பில்லாதவள் என்றேன். படித்தவள் பேசுகிற பேச்சா இது என்றேன். விசாவையாவது கேன்சல் பண்ணாமல் விட்டுவைக்கலாமே என்று மட்டும் இரண்டு நாள் கழித்துக் கேட்டாள். ஆறு மாதம் வெளியே இருந்தால் அது தானாகவே செத்துவிடும், எதற்கு அரைகுறையாக விடுவது என்று அதையும் நானே கேன்சல் செய்தேன்.

மார்ச் கடைசியிலிருந்து தெரு காலியாக ஆரம்பித்தது. எங்கள் வில்லாவைப் பார்த்து அடுத்த வில்லா, அதைப் பார்த்து அதற்கடுத்தது. "கான்ட்ராக்ட்காரரே அனுப்புறார்னா அவருக்கு ஏதோ விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று பேசினார்களாம். எனக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. வெள்ளிக்கிழமைப் பாயில் பதினொன்று ஏழாகி, நான்காகி, ஒரு வாரம் எங்கள் மகள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அன்றும் இரண்டு மணி நேரம் முழுசாகப் பாடம் எடுத்தாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய், சரி, நீங்கள் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்த நேரத்திலிருந்து எனக்கு உள்ளே ஏதோ மரத்துப்போனது என்று நினைக்கிறேன்.

ஏர்போர்ட்டில் மகள் அழவில்லை. டிராலியில் உட்கார்ந்து போக வேண்டும் என்றாள், உட்காரவைத்துத் தள்ளினேன். மனைவி திரும்பிப் பார்த்தாளா என்றுகூட எனக்கு நினைவில்லை. வெளியே வந்து, இரவல் வாங்கி வந்த காரின் பார்க்கிங் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது.

வில்லா ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, நான் ஊருக்கு வெளியே சோனாப்பூரில் கம்பெனி ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். நாலு பேருக்கு ஒரு அறை, காலையில் கம்பெனி பஸ். எங்கள் ஐந்து அறைகளுக்கும் பட்டாணி வேறு ஆள் பிடித்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். இடிக்கிறவரைக்கும் வரும் வாடகையை அவன் எதற்கு விடுவான்? அண்ணாச்சி அல்கூஸில் அவர் கம்பெனி ரூமில் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சத்வா மெஸ்ஸுக்குச் சாப்பிட வருவார். பார்த்த உடனே கேட்பார்: "என்னவே, ஒட்டிட்டானா?" இன்னும் இல்லை என்பேன். "ஒட்டுவான், ஒட்டுவான். நீரு சொல்லிட்டீருல்லா" என்று சிரித்துக்கொண்டே இலையைப் போடச் சொல்வார். வைது தீர்த்திருந்தால் பாரம் குறைந்திருக்கும். அவர் ஒரு தடவைகூட வையவில்லை.

குரோசரிக்காரன் முதலில் முருங்கைக்காயை நிறுத்தினான், பிறகு கறிவேப்பிலையை. பேச்சிலர்கள் தாளிக்கவா போகிறார்கள்? நூடுல்ஸ் பெட்டிகளும் டெலிபோன் கார்டும் அடுக்கினான். மாவு விற்ற அம்மா போன பிறகு மெஸ்காரனும் இட்லியை விட்டுவிட்டு பரோட்டாவில் இறங்கினான். தையல்காரனுக்கு ரவிக்கை தைக்க ஆளே இல்லை. அவன் எப்போது கடையைப் பூட்டினான் என்று யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

அந்த வருஷக் கடைசியில் பணப்புழக்கம் நின்று, கட்டிக்கொண்டிருந்த டவர்களே அப்படி அப்படியே நின்றன. அண்ணாச்சிக்கு வேலை போய், ஒரே வாரத்தில் ஊருக்குக் கிளம்பினார். எனக்கு வேலை தப்பியது, ஆனால் கம்பெனி ஸ்டாஃப் கட்டடத்தைக் கைவிட்டுவிட்டு, வீட்டு வாடகைப் படியைச் சம்பளத்தோடு கொடுத்து, ரூம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. ரூம் தேடி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சத்வா போனேன். கால் தானாகப் பழைய சந்துக்குள் போனது. வில்லா அப்படியே நின்றது. பக்கத்து வில்லாவும் நின்றது. கதவில் எந்தக் காகிதமும் இல்லை. பட்டாணி வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இடிப்பதெல்லாம் கலாஸ் பாய், முடிந்த கதை, இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றான். உன் பழைய அறை அடுத்த மாதம் காலியாகிறது, வாடகையும் இறங்கிவிட்டது, குடும்பத்தைக் கூட்டி வருகிறாயா என்று கேட்டான்.

அங்கேயே நின்று மனைவிக்கு போன் போட்டேன். பரபரவென்று எல்லாவற்றையும் சொன்னேன். விசாவைத் திரும்ப எடுத்துவிடலாம், ஏப்ரலில் பள்ளியில் சேர்த்துவிடலாம், அதே அறைதான் என்றேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் மட்டும் கேட்டது.

"இடிக்கலையா?" என்றாள்.

"இல்ல."

"பேப்பரே வரலையா?"

"வரல."

"சரி" என்றாள். கோபமாகக்கூட இல்லை. "இங்க நான் டீச்சரா சேந்திருக்கிற ஸ்கூல்ல பர்மனென்ட் பண்றோம்னு சொல்லியிருக்காங்கங்க. பாப்பா இப்பத்தான் ஒரு மாதிரி பழகிருக்கா. திரும்பவும் இவளப் புடுங்கி நட முடியாது. வேணாங்க."

எதிர்த்துப் பேச எனக்கு என்ன முகம் இருந்தது? சேர்ந்து இருக்க வேண்டும் என்று அவள் வாய்விட்டுக் கேட்டபோது அடித்துத் துரத்தியவன் நான். பட்டாணியிடம் ஃபேமிலி இல்லை, பேச்சிலர் பெட் இருந்தால் சொல் என்றேன். அவன் அந்த அறையையே ஆறு பேருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு செய்தான். அந்த ஆறில் ஒரு பெட் எனக்கு.

குடிபோன அடுத்த வெள்ளிக்கிழமை மனைவியே கூப்பிட்டாள். மகளின் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் முகவரி கேட்டிருக்கிறார்கள்.

"பழைய அட்ரஸே எழுது" என்றேன்.

"அதே வீடா?"

"அதே ரூம்தான். ஆறு பேரு இருக்கோம்."

"எங்க படுக்குறீங்க?"

"ஜன்னலோரம். கீழ் பெட்டு."

நான் கடைசியாக அழுதது என் அப்பா செத்தபோது. இப்போது அழுகை வந்துவிடும் என்று எதிர்பார்த்து, மற்றவர்கள் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். வரவில்லை.

"அது பாப்பா படுத்திருந்த எடம்" என்றாள். "அங்க ஏசித் தண்ணி சொட்டும். தலைய கதவுப் பக்கம் வச்சுப் படுத்துக்கங்க."