கள்ளுக்கடையும் ஓநாய்க் குட்டிகளும்

இந்த வாரம் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். யுத்தம் கொண்டுவந்த காகிதப் பஞ்சத்தில் பத்திரிகையே பாதியாய் மெலிந்து கிடக்கிறது. அதில் எனக்குக் கொடுத்த ஒரு பக்கத்தைத் தற்புகழ்ச்சியில் செலவழிப்பது நியாயமா என்று ஆசிரியர் கேட்பார். கேட்கட்டும். நாலு மாதமாக ஊரே என்னைப் பார்த்துச் சிரித்ததே, அப்போது யார் நியாயம் கேட்டார்கள்?

நேற்று முன்தினம் கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் இருக்கிற பாறைக் குன்றுக்குப் போனேன். கூடவே அந்த ஊர் ஆண்கள் ஒரு கூட்டம். பாறைக்கு அடியில் ஓநாய் வளை. குனிந்து பார்த்தோம்... காலி. சில எலும்புத் துண்டுகள், உதிர்ந்த மயிர், அவ்வளவுதான். குட்டிகள் வளர்ந்து, தாயோடு தாமாகவே நடந்து போய்விட்டன. யாரும் ஒரு கல்லைக்கூட எறியவில்லை. அந்தக் காலி வளையைப் பார்த்தபோது என் கல்யாணத்தன்று கூட வராத சந்தோஷம் வந்தது. (எங்கள் வீட்டு மனிதர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.)

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருத்தணி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவரின் மனைவி. ஐப்பசியிலிருந்து, ஓநாய்களை அடித்துக் கொல்லாதீர்கள் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறேன். விஷம் வைத்தும், வளையில் புகை போட்டும் இந்தப் பக்கத்தில் ஓநாயை ஏறக்குறைய ஒழித்தாகிவிட்டது. அது போனதும் என்ன ஆயிற்று? முயலும் காட்டுப்பன்றியும் வேர்க்கடலைக் கொல்லைகளில் குடித்தனம் வந்துவிட்டன. ஓநாய் வேண்டாம் என்கிற விவசாயிதான் பன்றியைத் திட்டிக்கொண்டு விடிய விடியக் காவல் இருக்கிறான். இதைச் சொன்னால் கேட்க வேண்டாமா?

கேட்கவில்லை. சரி, படம் காட்டினால் புரியும் என்று நினைத்தேன். பொதட்டூர்பேட்டையில் ஒரு துணி வாங்கி, சாமி வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற ஒருவரிடம் ஓநாய்ப் படம் எழுதச் சொன்னேன். அவர் ஓநாயைப் பார்த்ததே இல்லை. சிம்ம வாகனம் பூசிப் பழகிய கை... உருட்டு விழி, கோரைப் பல், முழ நீளத்துக்குச் சிவப்பு நாக்கு! பள்ளிப்பட்டில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, “இது மனிதரைக் கண்டால் ஒதுங்கிப் போகிற பிராணி” என்று ஆரம்பித்தேன். முன்னால் இருந்த குழந்தை வீறிட்டது. பாதிக் கூட்டம் எழுந்து போயிற்று. மீதிப் பாதி, டூரிங் டாக்கீஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, படம் எப்போது ஓடும் என்று உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து எனக்கு ‘ஓநாயம்மா’ என்று பெயர். அதோடு விட்டார்களா? டிக்கெட் ஜன்னலில் ஒருவன் கையை நீட்டி, “ஓநாயம்மா வூட்டுக்காரரே, அரக்கோணத்துக்கு ஒண்ணு குடுங்க” என்றானாம். எங்கள் வீட்டு மனிதர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

மார்கழியில் அந்தச் செய்தி வந்தது. கண்டிகைக் குன்றில் ஓநாய் குட்டி போட்டிருக்கிறது. அந்த ஊர் விவசாயி முனிரத்தினத்தின் பட்டியிலிருந்து இரண்டு ஆட்டுக்குட்டிகள் போய்விட்டன. காணும் பொங்கலன்று ஊர் ஆண்கள் தடியும் வலையுமாகப் பாரிவேட்டைக்குப் போவது வழக்கம். எப்போதும் முயலும் கௌதாரியும்தான் மாட்டும். இந்தத் தடவை ஓநாய் வளைக்குப் புகை போட்டுக் குட்டிகளோடு முடித்துவிடுவது என்று முனிரத்தினம் தலைமையில் தீர்மானமாகிவிட்டது.

சுற்று வட்டாரத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர் கடலை வியாபாரி காதர் பாய் ஒருவர்தான். முதலில் அவரிடம் ஓடினேன். துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள் என்றேன்.

“துப்பாக்கி கீதும்மா. தோட்டாதான் சண்டைக்குப் போய்ட்சி” என்று சிரித்தார். நான் மூச்சு விடுவதற்குள், “ஆனா புகை போட்றதுக்குத் தோட்டா எதுக்கும்மா?” என்றும் சொல்லிவிட்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள் கண்டிகை அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. போய் நின்றேன். படத்தைக் கொண்டுபோகவில்லை, எனக்கும் புத்தி வந்திருந்தது. முயல், பன்றி, கடலை எல்லாம் சொன்னேன். முனிரத்தினம் குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“ஆங், எல்லாம் சரிதாம்மா. போனது எங்க ஆடு. உங்க ஆடு ஒண்ணு போயிருந்தா இந்த மாதிரி பேசிகினு இருப்பீங்களா?”

என்னிடம் ஆடே இல்லை. அவர் கேட்டதில் தப்பும் இல்லை. “ஒரே ஒரு மாசம் விட்டுடுங்க. குட்டிங்க நடக்க ஆரம்பிச்சதும் தாயே கூட்டிக்கிட்டு வேற இடம் போயிடும். ஒரு மாசம்தான்...” என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். வேறு என்ன செய்வது?

“இன்னாது, ஒரு மாசமா?”

குரல் பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. முனிரத்தினத்தின் மனைவி கன்னியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே புருஷன் முன்னால் வந்து நின்றாள்.

“இந்தாய்யா. மழைக்காலத்துல புள்ளைக்குச் சன்னி கண்டு கண்ணு தொறக்காம கெடந்துச்சே, அப்ப தணிகைமலையான்கிட்ட இன்னா வேண்டிகினே? ஒரு மாசம் காப்பு கட்டி, விரதம் இருந்து, தைக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கறேன்னு சொன்னியா இல்லியா? புள்ள எழுந்து ஓடிகினு கீது. இப்ப ஒரு வாரம் கட்னா போதும்ன்றே. சாமிகிட்ட பேரம் பேசறியா? மாட்டுப் பொங்கல் சாயங்காலமே காப்பு கட்டு.”

முனிரத்தினம் தரையைப் பார்த்தார். “வேல கீதே...” என்றார். அவருக்கே அது காதில் விழுந்திருக்காது.

காப்பு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. கட்டிவிட்டால் காவடி செலுத்தி முடிகிற வரையில் கறி கிடையாது, கள் கிடையாது, ஓர் உயிரைக் கொல்லக் கூடாது. இந்த வருஷம் கிருத்திகை தை மாதக் கடைசியில் வருகிறது. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் கட்டினால் ஏறக்குறைய ஒரு மாதம். வேட்டை மறுநாள் காலையில்! எனக்குப் பளிச்சென்று விளங்கியது. கன்னியம்மாவோ ஓநாயைப் பற்றி நினைக்கவே இல்லை. வேண்டுதலை நினைத்தாள். அதற்கு அடுத்தபடியாக, மதுவிலக்கை எடுத்ததும் மறுபடி திறந்துவிட்ட கள்ளுக்கடையை நினைத்தாள்.

அதை மற்றப் பெண்கள் உடனே புரிந்துகொண்டார்கள். “எங்க வூட்லயும் காவடி கீது. எங்க வூட்டுக்காரரும் அன்னிக்கே கட்டிக்குவாரு” என்றாள் ஒருத்தி. “எங்க வூட்லயும்தான்” என்றாள் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும். காணும் பொங்கல் கறி என்னாவது என்று ஓர் ஆண் குரல் ஈனசுரத்தில் கேட்டது. மூன்று மாதமாக நான் தொண்டை கிழியப் பேசியும் அசையாத ஊர், முருகன் பேரைச் சொன்னதும் அரை மணியில் மொத்தமாகச் சாய்ந்துவிட்டது.

ஆனால் பாதிக் கிணறுதான் தாண்டியிருந்தேன். அந்த ஒரு மாதத்துக்குள் இன்னோர் ஆட்டுக்குட்டி போனால்? கயிற்றை அவிழ்த்த மறுநாளே வளையைத் தோண்டிவிடுவார்கள். அப்புறம் ஓநாயைப் பற்றி நான் வாயைத் திறக்க முடியுமா? தினமும் கண்டிகையிலிருந்து ஸ்டேஷனுக்கு வருகிறவர்களை நிறுத்தி, ஆடு போயிற்றா, ஆடு போயிற்றா என்று கேட்டேன். என்னை ஆட்டு வியாபாரி என்று நினைத்தவர்களும் உண்டு.

ஒன்றுகூடப் போகவில்லை!

காரணம் வெகு சுலபம். காப்புக் கட்டிய ஆண்களுக்குச் சாயங்காலமானால் போக இடமில்லை. கையும் சும்மா இருக்கவில்லை. முள் வெட்டிக்கொண்டு வந்து பட்டியைச் சுற்றி மார்பு உயரத்துக்கு வேலி போட்டார்கள். நெருப்பு மூட்டி, பட்டி வாசலிலேயே உட்கார்ந்து காவடிப் பாட்டுப் பாடினார்கள். ஒரு நாள் அந்தி மசங்கலில் ஓநாய் வந்து தூரத்தில் நின்று பார்த்ததாம். வேலியையும் பார்த்து, பாட்டையும் கேட்டுவிட்டு, கடலைக் கொல்லைப் பக்கம் முயல் தேடிக்கொண்டு போய்விட்டதாம்.

இதை என்னிடம் சொன்னவர் முனிரத்தினமேதான். ஸ்டேஷனுக்குத் தேடிக்கொண்டு வந்தார். துண்டை முறுக்கிக்கொண்டே, “போன ரெண்டும், நான் கள்ளுக்கடையில இருந்தப்பதாம்மா போச்சி” என்றார். பிறகு, “அந்தப் படத்த குடுங்கம்மா. பட்டியாண்ட கட்டி வெக்கறோம். பள்ளிப்பட்டுல குழந்தைங்களே பயந்துச்சே, ஓநாயும் பயந்துக்கும்” என்றார். கொடுத்துவிட்டேன். நான் செய்த பிரசாரத்திலேயே உருப்படியாக உபயோகப்பட்டது அந்தப் படம் ஒன்றுதான்.

என் காரணத்தை அடுத்தவர் மண்டையில் ஏற்றுவதுதான் பிரசாரம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்கு ஓநாய். கன்னியம்மாவுக்குப் பிள்ளை, வேண்டுதல், தெளிந்த புருஷன். முனிரத்தினத்துக்கு ஆடு. எல்லாம் ஒரே கயிற்றில் கட்டுப்பட்டதே, அது போதாதா? ஓநாய் என்ன, நீ எந்தக் காரணத்துக்காக என்னை விட்டாய் என்று கேட்கவா போகிறது?

கிருத்திகையன்று அரோகரா என்று முழங்கிக்கொண்டு கண்டிகைக் காவடிகள் மலைப்படி ஏறின. முன்னால் முனிரத்தினம், பக்கத்தில் அந்தப் பிள்ளை. கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? மறுநாள்தான் எல்லோருமாகப் போய் அந்தக் காலி வளையைப் பார்த்தோம்.

திரும்பி வரும்போது ஊர் முகப்பில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னோடு வந்த ஆண்கள் கூட்டம் ஒவ்வொருவராகக் கள்ளுக்கடைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. எல்லார் மணிக்கட்டும் வெறுமையாக இருந்தது. கடைசியாக முனிரத்தினமும் நழுவினார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“குட்டிங்க போய்ட்சாம்மா?”

“போயிடுச்சு கன்னியம்மா. ஒண்ணுகூடச் சாகல. நாம ஜெயிச்சிட்டோம்.”

அவள் முகம் வாடிவிட்டது. என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“ஏம்மா... ஆடிக் கிருத்திகைக்கு இன்னொரு தபா குட்டி போடாதா?”