குவளைக்குள் மண்

இருபது வருஷத்துக்குப் பிறகு மறிச்சுக்கட்டிக்குத் திரும்பிவந்து தகரக் கொட்டில் போட்டிருக்கிறோம். பக்கத்து வளவில் யாரோ தேன்மெழுகு உருக்குகிறார்கள். அந்த வாசம் வந்ததும் கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டேன்.

வாப்பா தோலில் குவளை செய்தவர். காட்டுக்குத் தேனெடுக்கப் போகிறவர்கள், விழுந்தாலும் உடையாதென்று அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஊறவைத்த மாட்டுத்தோலைத் தைத்து, முற்றத்து மண்ணை உள்ளே இறுக்கி அடைத்து வெயிலில் வைப்பார். மண் காய்ந்தபின் கொட்டிவிட்டு மெழுகு பூசுவார். ஈரத்தோடு கொட்டினால் குவளை சரிந்துவிடும். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் காயேல்ல" என்று எங்களை விரட்டுவார்.

துவக்கோடு வந்த இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லாரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று, எனக்கென்று செய்த குவளை வெயிலில் இருந்தது. வாப்பா அதை மண்ணோடு தூக்கிக்கொண்டார்.

"உடுப்புக்கே இடமில்ல, மண்ணையா சுமக்கப் போறீங்க?" என்று உம்மா கத்தினார்.

"இது காயமுந்தித் திரும்பி வந்திருவம்" என்றார் வாப்பா.

புத்தளம் முகாமில் அது கூரைக்கம்பில் தொங்கியது. "கொட்டித் தாங்கோ வாப்பா, தண்ணி குடிக்க" என்று நான் கேட்கும்போதெல்லாம் தட்டிப் பார்ப்பார்.

"இன்னும் காயேல்ல மகள்."

நான் கல்யாணம் முடிக்கும் வரைக்கும் அதே பதில்தான். புத்தளத்திலேயே மவுத்தானார், அங்கேயே அடக்கினோம்.

இன்று அந்தக் குவளையை எடுத்துவந்து முற்றத்தில் கவிழ்த்தேன். மண் பொலபொலவென்று கொட்டியது. குவளை சரியவில்லை.

"நல்லாக் காஞ்சிட்டுது வாப்பா" என்றேன்.