ஸ்டெல்லா மேடமும் அடைக்கலம் கார்டும்

ஸ்டெல்லா மேடம் போயிட்டாங்க. இன்னிக்கி காலைல, திருச்சில, ஆஸ்பத்திரில.

எனக்கு இன்னும் சரியா புரியல... முன்ன பின்ன எழுதிருந்தா பொறுத்துக்குங்க.

சேதி வந்தது எங்க 'கோட்டை' வாட்ஸ்அப் குரூப்ல. மேடம் நம்பர்லேர்ந்தே ஒரு மெசேஜ். "அக்கா தவறிட்டாங்க."

மேடத்துக்கு ஒரு அக்கா இருக்காங்க போலன்னு நெனச்சேன். "ஆழ்ந்த இரங்கல் மேடம், தைரியமா இருங்க"ன்னு அவங்களுக்கே பதில் போட்டேன்.

அதுக்குக் கீழயே முபாரக் பாய், "கெணறு வத்துற கார்டு ரொம்ப ஓவர் மேடம், ஒண்ணு குறைங்க"ன்னு போட்டிருக்கார். அவர் மேல வந்தத பாக்கவே இல்ல.

அப்பறந்தான் அடுத்த மெசேஜ். "நான் தம்பி சகாயம். ஸ்டெல்லா அக்காதான்."

பாய் அவர் மெசேஜ அழிச்சிட்டார். நான் என்னோடத அழிக்கல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன். பெரம்பலூர்ல ஒரு பிரஸ்ல நாங்க ஒண்ணா வேல பாத்தோம். மேடம் கம்ப்யூட்டர்ல டிடிபி, நான் கட்டிங் மிஷின், பாய் பைண்டிங்.

கல்யாணப் பத்திரிகை அடிச்சு மிச்சமாகுற அட்டைல அவங்களே வரைஞ்சு, அவங்களே ரூல் எழுதி உண்டாக்குன கார்டு ஆட்டம்தான் 'கோட்டை'. ரஞ்சன்குடி கோட்டைய பாத்துட்டு வந்த மறுநாளே மூணு கார்டு வரைஞ்சு எடுத்துட்டு வந்துட்டாங்க.

ஆளுக்கு ஒரு கோட்டை. கெணறு, தானியம், குதிரை, சிப்பாய்னு கார்டு. கடைசில எவன் கோட்டை நிக்குதோ அவன் ஜெயிச்சான்... அவ்ளோதான் ஆட்டம்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் பிரஸ்ல பேப்பர் கட்டு மேல உக்காந்து ஆறேழு பேர் ஆடுவோம். மேடம் தோத்தா மூஞ்சி செவந்துடும்.

ஒரு தடவ பாய் அவங்க தானியத்த மொத்தமா அடிச்சிட்டார். "மேடம், ஆட்டந்தானே"ங்கிறார். "ஆட்டமா? அது என் தானியம்"ங்கிறாங்க. ஒரு வாரம் அவர்கிட்ட பேசல. நெசமாவே பேசல.

அப்பறம் பிரஸ்ஸ விட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டோம். நான் பாடாலூர்ல பிளெக்ஸ் கடை போட்டேன். ஆட்டம் மட்டும் நிக்கல.

போன மாசம் மேடம் ஒரு எக்ஸ்பான்ஷன் பேக் போட்டாங்க. இருவத்திநாலு புது கார்டு. எல்லாருக்கும் பஸ்ல குடுத்து அனுப்பிட்டு, "ஒளிவு மறைவு இல்லாம கருத்து சொல்லுங்க"ன்னு குரூப்ல போட்டாங்க.

சொன்னோமே... பின்பக்க கலர் மாறியிருக்கு, புது கார்டு எதுன்னு எட்டத்துலேர்ந்தே தெரியுதுன்னு ஒருத்தர். ஆட்டம் ரொம்ப நீளுதுன்னு ஒருத்தர். ஆண்டிமடம் செல்வி மட்டும் "எனக்கு பழசவிட இதான் பிடிச்சிருக்கு"ன்னுச்சு.

நான் குறை சொன்னது 'அடைக்கலம்' கார்ட. நம்ம கோட்டை விழப் போவுதுன்னா அத போட்டு இன்னொருத்தர்கிட்ட எடம் கேக்கலாம். அவர் சரின்னா ரெண்டு பேரும் ஒரே கோட்டைல, ஜெயிச்சா ரெண்டு பேரும் ஜெயிச்ச மாதிரி.

"இது ஆட்டத்தையே கெடுக்குது மேடம். ஜெயிக்கிறவன் எதுக்கு எடம் குடுப்பான்? எடுத்துடுங்க"ன்னு நீளமா வாய்ஸ் நோட் போட்டேன். ரெண்டு நிமிஷம் பேசியிருக்கேன். இப்ப கேட்டா எனக்கே கூச்சமா இருக்கு.

ரெண்டு நாள் கழிச்சு, காலைல கடைய தொறந்து உக்காந்திருக்கேன், வாசல்ல கார். மேடமும் தம்பியும்.

"திருச்சிக்கு ஒரு செக்கப்புக்கு போறோம் வேலு. போட்டுப் பாக்காமலே எப்புடி கருத்து சொன்ன? வா, ஒரு ஆட்டம்."

கல்லா மேசைலயே கார்ட பிரிச்சாங்க. மெலிஞ்சிருந்தாங்க... கேட்டேன். "டயட்டுப்பா"ன்னாங்க. நம்பிட்டேன்.

அன்னிக்கி எனக்கு நல்ல கை. பத்தே நிமிஷத்துல அவங்க கெணறு ரெண்டும் வத்திப்போச்சு. சிப்பாய் ஒண்ணுதான் பாக்கி.

அடைக்கலம் கார்ட எடுத்து என் முன்னாடி வச்சாங்க. "குடுக்கிறியா?"

"முடியாது மேடம். நான் ஜெயிக்கப் போறேன்."

"நல்லா யோசிச்சிக்க."

"யோசிச்சிட்டேன்."

அடுத்த கைலயே அவங்க கோட்டைய அடிச்சிட்டேன். மூஞ்சி செவக்கும்னு பாத்தேன். செவக்கல. "சரி, அந்த கார்டு இருக்கட்டும். ஆட்டத்துலேர்ந்து எடுக்க மாட்டேன்"ன்னு சொல்லிட்டு, கார்ட அடுக்கிட்டு, தம்பி தோள பிடிச்சிட்டு கார்ல ஏறினாங்க.

இன்னிக்கி சகாயத்துக்கு போன் பண்ணேன்.

"உங்க கடைக்கு வந்தோமேண்ணே, அன்னிக்கிதான் அட்மிஷன். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுச்சு."

"என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"கார்ல ஏறினதும் 'அவன் குடுக்கவே இல்லடா'ன்னுச்சு. டோல்கேட் வரைக்கும் சிரிச்சிட்டே வந்துச்சு."

"வருத்தமாவா, சும்மாவா?"

"தெரிலண்ணே. சிரிச்சுச்சு."

அதுக்கு மேல அவர்கிட்ட என்ன கேக்குறது... அவரே அழுதுட்டிருந்தார். நானும் வச்சிட்டேன்.

செல்வி இப்ப போன் பண்ணி, "அண்ணே, குரூப் இருக்குமா, கலைச்சிடுவீங்களா?"ன்னு கேக்குது. எனக்குத் தெரில. அட்மின் மேடம்தான்.

நாளைக்கு மூணு மணிக்கு வரதராஜன்பேட்டைல அடக்கம். நானும் பாயும் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து பத்து மணிக்கு வேன்ல கெளம்புறோம், எடம் இருக்கு... வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க.

போயிட்டு வாங்க மேடம்.