லெம்பி கேட்ட வெடிச்சத்தம்

லெம்பி கர்வோனெனுக்கு எதையும் தெரிந்துகொள்ளாமல் விட முடியாது. பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் வேலை. வண்டி லேசாக முனகினாலும் மெக்கானிக் வருவதற்குள் அவள் அடியில் படுத்துப் பார்த்துவிடுவாள். இயேசு ஏரிமேல் நடந்தபோது செருப்பு நனைந்ததா என்று கேட்டு, பாதிரியாரை ஒரு ஞாயிறு முழுக்கத் திணறடித்தவள். புருஷன் ஆர்வோ ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக் குடிசைக்குப் போய்த் திரும்புவான். பூட்ஸைக் கழற்றக்கூட விடமாட்டாள்.

"மான் அவ்வளவு கிட்ட வந்து நின்னா எப்படி இருக்கும்?"

ஆர்வோவுக்குச் சொல்ல வராது. "நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்பான். ஆனால் கூட்டிப்போக மாட்டான். அந்தக் குடிசையில் ஆண்களைத் தவிர யாரும் படுத்தது கிடையாது.

மாரடைப்பில் ஆர்வோ இறந்துபோன வருஷம், அவனுடைய கட்டிலும் லீவர் துப்பாக்கியும் தனக்குத்தான் என்று லெம்பி குடிசை வாசலில் போய் நின்றாள். அங்கே மூத்த வேட்டைக்காரன் தைஸ்டோ வைத்ததுதான் சட்டம். அந்தக் கட்டிலைத் தன் மருமகனுக்கு என்று அவன் மனசுக்குள் எழுதியே வைத்திருந்தான்.

"ஏம்மா, இங்க என்ன இருக்கு? குறட்டையும் சாக்ஸ் நாத்தமும்தான்."

"முப்பது வருஷம் குறட்டை பக்கத்துலயே படுத்தவ அண்ணே நான். இப்ப அது இல்லாமத்தான் தூக்கம் வர மாட்டேங்குது."

 ஒரு பருவம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் கட்டில் மருமகனுக்கு என்று முடிவாயிற்று.

குடிசைச் சுவர் முழுக்கக் கிழிந்த துணிகள். மானைச் சுட்டுக் குறிதவறியவனைப் பிடித்து, சட்டையின் பின்தொங்கலை வெட்டி, பேரும் வருஷமும் எழுதி ஆணி அடிப்பார்கள். மானம் போகிற காரியம்தான். ஆனால் துணி ஏறிவிட்டால் அந்த ஆளைச் சாகும்வரை குடிசையை விட்டு யாரும் அனுப்ப முடியாது. இதுவும் தைஸ்டோவின் சட்டம்தான்.

மறுநாள் காலை லெம்பி தேவதாருச் சதுப்புக்குள் உட்கார்ந்திருந்தாள். நீளக் குழல் துப்பாக்கி என்றால் திருப்புவதற்குள் கிளையில் மாட்டிக்கொள்ளும். ஆர்வோவின் குட்டைத் துப்பாக்கிக்கு அந்தத் தொல்லை இல்லை; விசைக்குக் கீழே உள்ள லீவரைத் தள்ளி இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே விழுந்து அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அங்கே வந்தால் மான் முகத்துக்கு எதிரேதான் வரும். வந்தது. கொம்பும் கழுத்துமாக, பேருந்து நீளத்துக்குக்கூட வராத தூரத்தில் வந்து நின்றது.

லெம்பி சுட்டாள். லீவரைத் தள்ளி இழுத்து மறுபடி சுட்டாள். துப்பாக்கி காலியாகும்வரை சுட்டாள். மான் அவளையே பார்த்தது. பிறகு, வேறு வேலை இருப்பது போல, நடந்து போனது.

காலடிப் பனியில் தோட்டாக்கள் கிடந்தன. எடுத்துப் பார்த்தாள். முனையில் ஈயம் அப்படியே இருந்தது. பின்பக்கம் துப்பாக்கியின் ஊசி குத்திய தழும்பு ஒன்றில்கூட இல்லை. விசையை அவள் தொடவே இல்லை. லீவரை மட்டும் அடித்து அடித்து, அத்தனையையும் வெடிக்காமல் வெளியே தள்ளியிருக்கிறாள்.

 பையில் போட்டுக்கொண்டு வாயை மூடினால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் கட்டில் போய்விடும். எல்லாம் சரி, ஆனால் காதில் வெடி கேட்டதே? தோளில் உதைத்ததே? அதை யாரிடமாவது கேட்காமல் அவளால் எப்படி இருக்க முடியும்?

சாப்பாட்டு மேசையில் தோட்டாக்களைக் கொட்டிவிட்டு நடந்ததைச் சொன்னாள். ஸுலோ என்கிற தடியனுக்குக் காப்பி மூக்கில் ஏறியது.

"தங்கச்சி, மான் அதெல்லாம் பொறுக்கிக் குடுத்துட்டாவது போச்சா?"

"சிரிச்சது போதும். சட்டைய வெட்டுங்க."

"சுட்டாத்தானம்மா தவறும்?" என்றான் தைஸ்டோ. "நீ சுடவே இல்லயே. உனக்குத் துணி கிடையாது." கட்டில் கதை முடிந்தது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

லெம்பிக்குக் கண் நிறைந்துவிட்டது. "கட்டில எடுத்துக்கோங்க அண்ணே. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சத்தம் கேட்டுச்சு, சத்தியமா கேட்டுச்சு. அது ஓடல. 'என்னம்மா பண்ற'ன்னு கேக்கிற மாதிரி பாத்துக்கிட்டே நின்னுச்சு. அது எப்படி?"

தைஸ்டோ ஒரு தோட்டாவை எடுத்து உருட்டினான்.

"காது எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ரெண்டும் என்னப் பாத்து."

அவன் தோட்டாவை மேசைமேல் நிமிர்த்தி வைத்தான். பிறகு, "என் மானும் ஓடல" என்றான்.

ஸுலோவின் சிரிப்பு நின்றுபோனது. "நீயா? எப்ப?"

"உனக்கு எதுக்கு அது? கத்திரிய எடு."

அவனே லெம்பியின் சட்டையை வெட்டினான், அவனே ஆணியும் அடித்தான். அப்புறம் கத்திரியை அவள் கையில் கொடுத்துவிட்டு, தன் சட்டையைக் கால்சட்டையிலிருந்து வெளியே இழுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்றான்.

"கோணலா வெட்டாத."

பாதி வெட்டியதும் லெம்பியின் கை நின்றது.

"அண்ணே, உங்களுக்கும் தோள்ல உதைச்சுதா?"

"ஒரு வாரம் வலிச்சுது" என்றான் தைஸ்டோ.