பிளக்கின் நிறம்

மத்திகிரிப் பக்கம், ரேஸ் வண்டிகளுக்கு இன்ஜின் பார்க்கும் ஷெட்டில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தேன். அங்கிருந்த மெக்கானிக் ஒல்லியானவர். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து ஸ்பார்க் பிளக் கிடக்கும். ஓடி வந்த வண்டியின் பிளக்கைக் கழற்றி, முனையின் நிறத்தைப் பார்த்துத்தான் அடுத்ததைத் தேர்ந்தெடுப்பார். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, இது என்ன கலருன்னு பாருங்க. கண்ணுல புரை, எனக்கு எல்லாமே பழுப்பாத் தெரியுது. பசங்ககிட்ட சொல்லிராதீங்க.”

“சுண்ணாம்பாட்டம் வெள்ளையா இருக்குதுங்க.”

அவர் முகம் மாறியது. “அப்ப சூடு அதிகம். இதையே போட்டா பிஸ்டன் உருகி, ஓடுறப்பவே இன்ஜின் இறுகி ஆளத் தூக்கி வீசிரும். இது எம் பொண்ணு ஓட்டுற வண்டி, அக்கா.”

சூட்டைச் சீக்கிரம் இறக்கும் வேறு பிளக்கை மாட்டி அனுப்பினார். அவள் திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றும்வரை இருவரும் வாசலிலேயே நின்றோம்.

என் வார்த்தையை நம்பி மகளை அனுப்ப அவருக்கு எப்படித்தான் மனம் வந்ததோ.